கோப்பில் சாய்ந்த மரம்

நகராட்சி அலுவலகத்தில் மரப் பிரிவு என்று ஒன்று இருப்பது அங்கே சம்பளம் வாங்குகிறவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மாடிப்படிக்குக் கீழே, தலையைக் குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. அலமாரியின் மேல், ரெண்டு நாள் இருக்கட்டும் என்று தெருவிளக்குப் பிரிவுக்காரர்கள் எட்டு வருடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போன பழைய பல்புகள். சுவருக்கு அந்தப் பக்கம் பிறப்பு இறப்புப் பதிவு. அங்கே போக வேண்டியவர்கள் கதவு மாறி இங்கே வந்து, மாமனார் தவறிவிட்டார், சான்றிதழ் வேண்டும் என்று நிற்பார்கள். மரத்தக்கா எழுதிக்கொண்டிருக்கிற தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், எந்தத் தெரு, சுற்றளவு எவ்வளவு என்று கேட்பாள். ஒரு மருமகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டை நாற்பத்திரண்டு போடுவார் என்று பதிலே சொல்லியிருக்கிறான்.

மரத்தக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்த பெயர். அலுவலகம் வைத்த பெயர் மரமண்டை. அது தன் காதுக்கு எட்டிய மறுநாளே அவள் தொலைபேசியை எடுத்து, "மரமண்டை பேசறேன், சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் அந்தப் பெயர் ருசி கெட்டுப்போய், வைத்தவர்களே கைவிட்டுவிட்டார்கள்.

இந்த அறைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் அவள் ஆணையர் அறையில் தட்டச்சர். அப்போதிருந்த ஆணையர் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். அதில் 'பனியில் கவனம் தேவை' என்று இருந்தது. அவள் அதைச் சிவப்பு மையில் திருத்தி, 'பணி என்றால் மூன்று சுழி, இரண்டு சுழி போட்டால் ஸ்வெட்டர் வாங்க வேண்டியிருக்கும்' என்று ஓரத்தில் குறிப்பும் எழுதி உள்ளே அனுப்பினாள். மறுநாள் மாற்றல் உத்தரவு வந்தது. எழுத்துப் பிழை இல்லாத உத்தரவு என்பதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் கூட இருந்தது.

வந்தபோது அவளுக்கு இரண்டே வகை மரம்தான் தெரியும்: பழம் கொடுக்கிறது, கொடுக்காதது. மற்றதெல்லாம் நடந்து நடந்து கற்றுக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் காலையில் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். பதிவேடு என்றால் இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டிய புத்தகம். அதில் எண், தெரு, மரம், சுற்றளவு, நிலை என்று ஐந்து கட்டம், அதற்குப் பிறகு பொறியாளரின் முத்திரைக்கு இடம். நிலை என்கிற கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அதனால் அவளுக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அங்கே ஒற்றைச் சொல்தான் எழுதுவது வழக்கம். நலம். பட்டது. சாய்ந்தது. மொத்த ஊரின் மரங்களையும் மூன்று சொல்லில் அடக்கியாகிவிட்டது.

நடைக்குப் போகாத நாட்களில் மனுக்கள். இவ்வளவு மனுக்களில் மரம் வேண்டும் என்று ஒன்று வந்ததில்லை. இலை கொட்டுகிறது, வெட்டுங்கள். பறவை காரின் மேல் எச்சமிடுகிறது, வெட்டுங்கள். கடையின் பெயர்ப் பலகையில் பாதி மறைகிறது, வெட்டுங்கள். நிழல் அதிகமாக இருப்பதால் ஆட்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், வெட்டுங்கள். மனு மேலே போகும், பட்டியலாகக் கீழே வரும், பட்டியலோடு வாள்காரர்கள் வருவார்கள். இடையில் மரத்தக்காவின் ஆட்சேபம் என்று ஒரு தாளும் போகும். அது போகும், திரும்பி வராது.

இப்படி இருக்கும்போதுதான் ஆறு வருடத்துக்கு முன் அந்தத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. சாய்ந்தது என்றால் விழவில்லை. நகராட்சிப் பிரசவ விடுதியின் வாசலில், சாலைப் பக்கமாக ஒரு முழம் சாய்ந்து, அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கிற மாதிரி நிற்கிற பெரிய மரம். அன்றைய நடையில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: சாய்ந்தது. பதிவேடு பொறியாளரிடம் போயிற்று. அவர் படித்தார்: சாய்ந்தது. அதாவது விழுந்துவிட்டது. விழுந்த மரம் என்றால் பொறியாளர் போய்க் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவரிடம் அதற்கென்றே 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. நாற்காலியில் இருந்தபடி அதை ஒரு குத்துக் குத்தி, சிவப்புக் கோடு போட்டு மரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் சாலையை அகலப்படுத்த வெட்டும் பட்டியல் வந்தது. வாள்காரர்கள் அந்த மரத்தடிக்கே வந்து, நிழலில் நின்று, பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்தத் தெருவில் வெட்ட மரம் எதுவும் இல்லை என்று பட்டியல் சொன்னது. தலைக்கு மேலே நாற்பதடிக்கு விரிந்து கிடக்கிறதை ஒருவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு, நமக்கெதற்கு வம்பு என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த மரத்தக்கா இதையெல்லாம் பார்த்தாள். அதுவரை அனுப்பிய ஆட்சேபங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு சொல் செய்துவிட்டது. அவளுக்கு அன்று சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் மரங்கள் மளமளவென்று சாய ஆரம்பித்தன. எந்த மரத்தின் மேல் மனு வருகிறதோ அந்த மரம் மனு மேலே போவதற்குள் பதிவேட்டில் சாய்ந்துவிடும். பொய் எழுதுகிறவள் இல்லை அவள். ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு ஒன்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நூலைப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் சாய்வு சாய்வுதான். ஆணி அடித்த மாதிரி நேராக நிற்கிற மரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு முறை ஒரு மரம் நூல் பிடித்தாற்போல நேராக நின்று அவளைச் சோதித்துவிட்டது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து, நான்காவது பக்கத்திலிருந்து ஒரு சாய்வைக் கண்டுபிடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றுக்கும் பொறியாளரின் முத்திரை.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். அவர் மின்விசிறியும் ஏசியும் பழுது பார்க்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கோடை வருடா வருடம் முன்னால் முன்னால் வந்துகொண்டிருந்ததில் அவர் தொழில் அமோகமாக நடந்தது. நீ ஒரு மரத்தைக் காப்பாற்றினால் எனக்கு நாலு ஃபேன் போகிறது, இந்த வீட்டில் ஒருத்தர் சம்பாதிப்பதை இன்னொருத்தர் கெடுப்பது என்ன நியாயம் என்று சண்டைக்கு வருவார். ஒருநாள் காலை, ஒரு ஃபேனின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏன்டி, அதுல ஏதாவது ஒண்ணு யார் தலையிலயாவது விழுந்தா என்ன பண்ணுவ?"

"விழுந்த மரம் மறுபடி எப்படிங்க விழும்?" என்று சொல்லிவிட்டு அவள் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். போகிற வழியெல்லாம் அந்தப் பதிலை நினைத்து நினைத்து ரசித்துக்கொண்டே போனாள்.

ஊரில் சாய்ந்துகொண்டே இருக்கிற மரங்களை மேலிடம் கவனித்தது. வெயிலும் புயலும் கூடிவருவதால் எந்த ஊருக்கு என்ன ஆபத்து என்று ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழு இந்த நகராட்சியின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு மூக்கின் மேல் விரலை வைத்தது. புயலே அடிக்காத வருடங்களில்கூட மரங்கள் விழுந்திருக்கின்றன என்றால் இங்கே ஏதோ விசேஷமான காற்று வீசுகிறது என்று முடிவு கட்டி, அலுவலக மொட்டைமாடியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே மாடிப்படிக்கு அடியில் மரத்தக்காவுக்கு அன்று முழுவதும் விக்கல்.

கூடவே ஓர் உத்தரவும் வந்தது. அதுவரை யார் காரின் மேலாவது கிளை விழுந்தால் நகராட்சி 'இயற்கையின் செயல்' என்று இரண்டு சொல்லில் தட்டிக் கழித்துவிடும். இனி அந்தக் கதை நடக்காது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு தெரு மரத்துக்கும் நகராட்சியே பொறுப்பு. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொன்றையும் சோதித்து, முட்டுக் கொடுக்க வேண்டியதற்குக் கொடுத்து, அடியில் கழுத்தை நெரிக்கிற சிமெண்டை உடைத்துவிட வேண்டும். அதற்காக ஒரு மர வைத்தியரும் ஏணி வண்டியும் நாலு ஆட்களும் பத்து நாள் வருவார்கள். பதிவேட்டில் எத்தனை மரம் குறைவோ அத்தனை பொறுப்பு குறைவு என்று உத்தரவைப் படித்த பொறியாளர் கணக்குப் போட்டு, மரத்தக்காவிடம் முதல்முறையாகச் சிரித்த முகத்தோடு, இன்னும் ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று விசாரித்தார்.

வைத்தியர் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது குடைக்காரர் கூப்பிட்டார். பிரசவ விடுதி வாசலில், அதே தூங்குமூஞ்சி மரத்தடியில் குடையும் செருப்பும் தைக்கிறவர் அவர். அதிகம் பேசமாட்டார். எதிர்ப்பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தவளைக் கையை ஆட்டி வரச் சொன்னார்.

"மரத்தக்கா, இது முனகுது."

"காத்து அடிச்சா எல்லா மரமும்தான் முனகும்."

"காத்து இல்லாதப்ப முனகுதே. உச்சி வெயில்ல, இலைகூட அசையாதப்ப."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பெரிய கிளைகள் இரண்டும் பிரிகிற கவட்டில், ஒரு கையை உள்ளே விடலாம் போல வெடிப்பு. பிளவின் ஓரம் கறுத்துப் போயிருந்தது. இது நேற்று இன்று வந்தது இல்லை. இரண்டு மூன்று கோடையின் வெயில் அதில் இருந்தது. அந்தக் கிளைக்கு நேர் கீழே, ஒன்பது மணியிலிருந்து, மாதப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் வரிசை. விடுதியின் உள்ளே தகரக் கூரை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அதற்குள் யாரும் கால் மணி நேரம் உட்கார முடியாது. ஆகவே இந்த நிழல்தான் காத்திருக்கும் அறை. இருபது பேராவது இருந்தார்கள். ஒருத்தி அடிமரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

மரத்தக்கா ஆறு வருடமாக வாரம் இரண்டு தடவை இந்த வழியாகப் போகிறாள். போகிற போக்கில் சொந்தக்காரருக்குத் தலையாட்டுகிற மாதிரி இந்த மரத்துக்கு ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். நின்று பார்த்ததில்லை. அவளுடைய நடை பதிவேட்டை ஒட்டிய நடை. பதிவேட்டில் இல்லாத மரத்தின் முன் அவள் கால் நிற்பதில்லை. காப்பாற்றிவிட்டோம் என்கிற மிதப்பில் நாற்பத்து மூன்றையும் அம்போ என்று விட்டுவிட்டாள். இது பொறியாளர் செய்ததில்லை, இவளே செய்தது. அதை நினைக்க அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது.

உடனே விடுதிக்குள் போய் நர்ஸம்மாவிடம் வரிசையை இடம் மாற்றச் சொன்னாள். எங்கே மாற்றுவது, நீங்களே காட்டுங்கள் என்று நர்ஸம்மா வெயிலைக் கை காட்டினார். அவளே ஒரு கயிற்றைக் கட்டி, இங்கே நிற்காதீர்கள் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். பெண்கள் பத்து நிமிடம் வெயிலில் நின்றார்கள். பிறகு ஒருத்தி அட்டையைக் கழற்றி விசிறிக்கொள்ள, மற்றவர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆகவே மரத்தை வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். வைத்தியர் பதிவேட்டில் இருப்பதைத்தான் பார்ப்பார். பதிவேட்டில் இந்த மரம் ஆறு வருடமாக இல்லை. மரத்தக்கா ஒரு மத்தியானம் முழுக்க நகத்தைக் கடித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதிதாக நட்ட மரங்களைச் சேர்க்க ஒரு படிவம் உண்டு. அதை எடுத்து நிரப்பினாள். பொறியாளர்தான் எதையும் படிக்கிறவர் இல்லையே என்கிற தைரியம். ஆனால் புது உத்தரவுக்குப் பிறகு, ஒரு மரம் கூடுகிறது என்றாலே அவருக்கு ஒரு பொறுப்பு கூடுகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் ஒரு தாளை முழுதாகப் படித்தார்.

"இந்த மரம் நேத்து நட்டதா?"

"ஆமா சார்."

"சுத்தளவு பதினாலு அடின்னு போட்டிருக்கீங்க."

"நல்ல மண்ணு சார்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டப் புரட்ட அவள் எதிரே நின்றாள். அந்தத் தெருவின் பக்கம் வந்ததும் விரல் நின்றது. சாய்ந்தது. அதன் பக்கத்தில் அவருடைய முத்திரை. இந்த மரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அப்படியென்றால் ஏன் விழுந்தது என்று எழுதினாய் என்று கேட்டார். விழுந்தது என்று தான் எங்கும் எழுதவில்லை என்றும், சாய்ந்தது என்றுதான் எழுதியிருப்பதாகவும், சாய்ந்துதான் இருக்கிறது என்றும், வேண்டுமானால் தூக்குக்குண்டு பையில் இருக்கிறது என்றும் சொன்னாள். இப்படி எத்தனை என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றாள்.

அவர் கோபப்படுவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கண் பதிவேட்டிலேயே இருந்தது. நேரில் பார்வையிடப்பட்டது. நேரில் பார்வையிடப்பட்டது. நேரில் பார்வையிடப்பட்டது. நிற்கிற மரம் நாற்பத்து மூன்று விழுந்து கிடப்பதை நேரில் கண்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான்.

அவர் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்கும்மா இவ்வளவு கவலை? இல்லாத மரத்தை வெட்ட யார்கிட்ட உத்தரவு வாங்கணும்? நாளைக்குக் காலைல ஆள் அனுப்பிடறேன். ஒண்ணொண்ணா எடுத்துடலாம். நீங்க எழுதினதும் உண்மையாயிடும், நான் குத்தினதும் உண்மையாயிடும்."

மரத்தக்கா எந்தச் சொல்லால் மரங்களை மறைத்து வைத்தாளோ அதே சொல் அவற்றை அநாதையாக்கிவிட்டது. மனு வேண்டாம், பட்டியல் வேண்டாம், ஆட்சேபம் என்கிற அந்த ஒப்புக்குச் சப்பாணித் தாள்கூட வேண்டாம். இல்லாததை வெட்டினால் கேட்க ஆள் ஏது? அவள் பதிவேட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கட்டின் கீழ் வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தது. அரை மணி நேரம் பார்த்த பிறகு, அதிலிருந்து 'த' என்கிற ஒரே ஓர் எழுத்தை அடித்தாள். சாய்ந்து. இரண்டு விரல் கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. அடுத்த சொல்லை, பொறியாளரின் முத்திரைக்கு விட்டிருந்த இடத்தில் மிச்சமிருந்த சந்தில் நுழைத்து எழுதினாள். நிற்கிறது. இப்போது முழு வரியும் இப்படி இருந்தது: சாய்ந்து நிற்கிறது, நேரில் பார்வையிடப்பட்டது.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் திருத்தியவர் ஒப்பம் வேண்டும், காரணமும் எழுத வேண்டும். அவள் எழுதினாள்: எழுத்துப் பிழை, என்னுடையது. இதை அவள் மற்றவர்கள் தாளில் ஆயிரம் முறை வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஆணையருக்கே சுழி சொல்லிக் கொடுத்தவள். தன் கையால் தனக்கு ஒரு பிழை எழுதுவது பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. அதை நாற்பத்து மூன்று முறை செய்தாள். முடித்து மேலே கொண்டுபோய்ப் பொறியாளர் முன்னால் விரித்து வைத்தாள்.

"பாருங்க சார். நீங்க பாத்த மரம் நிக்குது. தப்பு என்னோடது. உங்க முத்திரை சரியாத்தான் இருக்கு."

பொறியாளர் அந்த வரியை மூன்று முறை படித்தார். ஒரு மனிதனை ஒரே சமயத்தில் கழுவில் ஏற்றி இறக்கியும் விடலாம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். தான் போட்டிருந்த சிவப்புக் கோடுகளை அவரே ரத்து செய்தார். மறுநாள் வாள்காரர்கள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாள் ஆணையரிடமிருந்து, எழுதுவதில் கவனக் குறைவுக்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. வேறு பிரிவுக்குத் தூக்கியடிக்கவும் யோசித்தார்களாம். ஆனால் படிக்குக் கீழே போய் உட்கார இன்னொரு ஆள் கிடைக்கவில்லை.

மர வைத்தியர் நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். கையில் ஒரு மரச் சுத்தியல். அடிமரத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், கேட்டுவிட்டு நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே குரலில் சொல்வார். நாற்பத்து மூன்றில் ஐந்து உள்ளே முழுதும் பொத்தலாகிவிட்டன, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். மரத்தக்கா ஐந்தின் எண்ணையும் வாங்கி எழுதிக்கொண்டாள். மற்றவற்றுக்கு முட்டும் கம்பியும் சிமெண்ட் உடைப்பும். தூங்குமூஞ்சிக்கு வந்தபோது ஏணி வண்டியில் ஏறிக் கவட்டில் கையை விட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். மரம் பிழைத்துக்கொள்ளும். வெடித்த கிளையை எடுத்துவிட வேண்டும், இன்றைக்கே. அந்தக் கிளைதான் பாதி மரம். சாலைப் பக்கம் முழுவதும், வரிசை நிற்கிற இடம் முழுவதும் அதன் நிழல்தான்.

"மூணு வருஷம் முன்னாடி பாத்திருந்தா ரெண்டு கிளையையும் சேத்து ஒரு கம்பி போட்டு நிறுத்தியிருக்கலாம்" என்றார் வைத்தியர். "இதை யாரும் பாக்கலையா?"

பொறியாளர் மொட்டைமாடியில் காற்றுக் கருவி சுற்றுகிறதா என்று பார்க்கிறவர் போல வானத்தைப் பார்த்தார். வெட்டுவதற்குச் சம்மதம் என்று பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை வைத்தியர் பொதுவாக நீட்டினார். மரத்தக்கா வாங்கிப் போட்டாள்.

குடைக்காரர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். வரிசையை ஒரு மணி நேரம் தகரக் கூரைக்குள் அடைத்து வைத்தார்கள். கிளையைக் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்கினார்கள். கடைசித் துண்டு இறங்கியதும் அது இருந்த இடத்தில் வெயில் வந்து தொப்பென்று உட்கார்ந்தது. ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று மரங்களை வாளிலிருந்து தப்பவைத்தவள், தன் கையெழுத்தில் வெட்டிய முதல் கிளையின் பக்கத்தில் நின்றாள்.

கதவைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, பழக்கத்தில் பழைய இடத்துக்கே போய், அங்கே நிழல் இல்லாததைக் கண்டு திகைத்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒரு சாண் நிழலில் ஒட்டிக்கொண்டார்கள். நிறைமாதமாக ஒருத்தி மட்டும் அப்படிப் போகவில்லை. கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

"யாருங்க இதை வெட்டச் சொன்னது?"

ஆட்கள் வாளைத் துடைத்தார்கள். பொறியாளருக்கு அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வந்துவிட்டது. கிளையில் வெடிப்பு இருந்தது, உங்கள் தலையில் விழுந்திருக்கும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல மரத்தக்காவுக்குத் தெரியும். வாய்வரை வந்தது. ஆனால் அந்த வெடிப்பை இத்தனை நாள் பார்க்காமல் விட்டது யார் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டால் அதற்கும் ஒரே பதில்தான்.

"நான்தாம்மா" என்றாள்.

அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். "உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? ஆறு மாசமா இந்த நெழல்ல நின்னுதாங்க நான் இந்தப் புள்ளைய சுமந்தேன். ஒரு மரத்தை ஒழுங்கா பாத்துக்கத் தெரியாது, வெட்ட மட்டும் வந்துடுவீங்க."

அவள் இன்னும் நிறையச் சொன்னாள். சுவரோரம் நின்றவர்களில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து குடைக்காரர், அந்தம்மா யார் தெரியுமா என்று எழுந்து வரப் பார்த்தார். மரத்தக்கா அவரைக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் திட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.